ஊரை எழுத வந்தவர்கள் – 9: பெயர் மறைத்த ஊர்

சென்ற வாரம் லூயி துமோனை மதுரைக்கு மேற்கே, பிரமலைக் கள்ளர் நாட்டில் விட்டுவிட்டு வந்தோம். உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகச் சிக்கி, ஹாம்பர்க் பக்கத்தில் தொழிற்சாலை வேலைக்கு நடுவே சமஸ்கிருதம் கற்றுக்கொண்ட பிரெஞ்சுக்காரர் அவர். சாதியின் உயிர்நாடி தூய்மையும் தீட்டும்தான், நிலமும் அதிகாரமும் அதற்கு அடுத்த படியில் நிற்பவை என்று 1966-ல் ஒரு பெரிய நூலில் அடித்துச் சொல்லப்போகிறவர். அந்த முடிவை அசைக்கப்போகும் ஆதாரங்கள் 1951-லேயே காவிரிக் கரையில் சேரத் தொடங்கிவிட்டன என்றும், சேர்த்தவர் 26 வயதுப் பெண் என்றும் சொல்லி நிறுத்தியிருந்தேன்.

அந்தப் பெண் கேத்லீன் கஃப். இங்கிலாந்தின் யார்க்ஷயர் கிராமத்தில் 1925-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் படித்தவர். இந்தியா சுதந்திரம் பெற்ற 1947-ல் மலபாருக்கு வந்து, நாயர் தறவாடுகளைப் பற்றி இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, அதற்கு முனைவர் பட்டமும் வாங்கியிருந்தார். தாய்வழிக் குடும்பம், திருமணம், வாரிசு உரிமை என்பவை அவருடைய அப்போதைய அக்கறைகள். இரண்டாம் முறை இந்தியா வந்தபோது மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே திரும்பினார். தேர்ந்தெடுத்த இடம் தஞ்சாவூர் மாவட்டம்.

ஏன் தஞ்சாவூர்? நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. சென்னை மாகாணத்திலேயே நிலமற்ற கூலிகள் அடர்ந்து வாழ்ந்த பகுதி அது. ஆதிதிராவிடர் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பிராமணர்களின் விகிதம் மாகாணச் சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோயில், ஆறு, வாய்க்கால், மிராசு, பண்ணையாள் எல்லாம் ஒரே வரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் உள்ள தூரத்தை ஆராய வருகிறவர் இதைவிடத் தெளிவான இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மாவட்டத்தின் வடமேற்கில் ஓர் ஊரைப் பிடித்தார். நூல்களில் அதற்குக் 'கும்பப்பேட்டை' என்று பெயர். வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. ஊருக்கும் ஆட்களுக்கும் புனைபெயர் சூட்டுவது மானுடவியலாளர்களின் வழக்கம். உண்மை பேசியவருக்கு நாளைக்கு அடி விழக்கூடாதே என்ற கவலைதான் காரணம். அந்தக் கவலை கும்பப்பேட்டையில் எவ்வளவு நியாயமானது என்பதைச் சற்று நேரத்தில் பார்க்கப்போகிறோம். உண்மைப் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் துப்பறியும் வேலையை இந்தத் தொடர் செய்யாது.

ஊரின் அமைப்பு தஞ்சைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். எதிரெதிர்த் திண்ணைகளோடு அக்கிரகாரம். சற்றுத் தள்ளிக் கோனார் முதலிய குடியானவர்களின் தெருக்கள். அப்புறம் வயல். வயலுக்கு அப்பால் பள்ளர் சேரி. நிலத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக அக்கிரகாரத்தின் கையில் இருந்தது. பிரகசரணப் பிரிவைச் சேர்ந்த ஸ்மார்த்தக் குடும்பங்கள் அவை. 1951-லேயே அந்தப் பிடி தளரத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் உத்தியோகம் தேடிப் பட்டணம் போனார்கள்; கல்யாணத்துக்கும் படிப்புக்கும் நிலம் கைமாறியது. ஆனாலும் யார் யாரை அடிக்கலாம் என்ற விஷயத்தில் பழைய ஒழுங்கு அப்படியே இருந்தது.

இங்கேதான் கஃபின் குறிப்புகள் கனக்கின்றன. திருடியதாகவோ மீறிப் பேசியதாகவோ குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நிலவுடைமையாளர்களே நீதிபதி. தண்டனைகளில் ஒன்று அடி. இன்னொன்று சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைப்பது. கிழக்குத் தஞ்சையின் விவசாயச் சங்கக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 'சாணிப்பாலும் சவுக்கடியும்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். அந்தச் சொற்றொடரை மேடைப் பேச்சின் மிகை என்று ஒதுக்க விரும்புகிறவர்கள், கட்சி மேடை எதிலும் ஏறாத ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளரின் பதிவை என்ன செய்வார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதை எழுதும்போது இன்னொரு வெளியூர்க்காரர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கஃபுக்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்னால், 1943 வாக்கில், கிழக்குத் தஞ்சைக்கு வந்தவர் பி. சீனிவாச ராவ். தாய்மொழி கன்னடம், பிறப்பால் பிராமணர், கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியர். அவர் நோட்டுப்புத்தகத்தோடு வரவில்லை. சேரிக் குடிசைகளில் படுத்தார், அங்கேயே சாப்பிட்டார், அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கச் சொன்னார். தென்பரையில் பண்ணையாட்கள் சங்கம் கண்டார்கள். 1944-ல் சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்துவதாக மிராசுதார்கள் கையெழுத்திட வேண்டி வந்தது. ஒரு தண்டனையை நிறுத்துவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதுவரை அது நடந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

ஆனால் அந்தக் கையெழுத்து கிழக்கில்தான் செல்லுபடியானது. கும்பப்பேட்டை வடமேற்கில் இருந்தது. அங்கே சங்கமும் இல்லை, செங்கொடியும் இல்லை.

கஃப் ஊரில் இருந்த மாதங்களில் மாகாணமே கொதித்துக்கொண்டிருந்தது. 1952 தொடக்கத்தில் முதல் பொதுத்தேர்தல். தஞ்சை டெல்டாவில் கம்யூனிஸ்ட்டுகள் வலுவாக எழுந்தார்கள். ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்த மனிதர், அவர்களைத் தடுக்க எடுத்த ஆயுதங்களில் ஒன்று நிலச் சட்டம். ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகமாக, நிலம் வைத்திருப்பவர் தம் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. சாகுபடி செய்பவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது தர வேண்டும். மிராசுதார்கள் கொதித்தார்கள். தங்கள் ஆள் என்று நம்பியிருந்தவரிடமிருந்து இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சட்டம் வந்தபோது கும்பப்பேட்டையில் கஃபின் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாவட்டத்தின் மறுகோடிக்கு, கிழக்கே போனார். அங்கே இரண்டாவது ஊர். அதற்கு அவர் வைத்த பெயர் 'கிரிப்பூர்'.

அந்த மாற்றம் தற்செயலோ திட்டமோ, இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் வழக்கின் முக்கியச் சாட்சி அங்கேதான் இருந்தது. துமோன் சொல்வதுபோல் எல்லாம் தூய்மை–தீட்டில் தொடங்குகிறது என்றால், பிராமணர் தலைமை தாங்காத ஊரில் கீழ்த்தட்டின் நிலை கொஞ்சமாவது வேறாக இருக்க வேண்டுமல்லவா? கிரிப்பூரில் நிலம் பெரும்பாலும் பிராமணரல்லாதார் கையில் இருந்தது. வேதம் ஓதும் குரல் அதிகம் இல்லாத ஊர். ஆனால் சேரி அங்கேயும் வயலுக்கு அப்பால்தான். கூலியும் களத்து மேட்டில் எசமான் அளந்து போட்டதுதான். வேறுபாடு ஒன்றே ஒன்று: அங்கே சங்கம் இருந்தது. கூலிகள் கூடிப் பேசினார்கள், கொடி கட்டினார்கள், கேட்டார்கள்.

இதை அன்றே கஃப் இப்படிப் புரிந்துகொண்டாரா? இல்லை. 1955-ல் மெக்கிம் மேரியட் அமெரிக்காவில் வெளியிட்ட இந்தியக் கிராமங்கள் பற்றிய தொகுப்பிலும், 1960-ல் எட்மண்ட் லீச் கேம்பிரிட்ஜில் கொண்டுவந்த சாதி பற்றிய தொகுப்பிலும் கும்பப்பேட்டைக் கட்டுரைகள் வந்தன. நல்ல கட்டுரைகள். அன்றைய பிரிட்டிஷ் மானுடவியலின் மொழியில் எழுதப்பட்டவை: ஊர் ஓர் அமைப்பு, சாதிகள் அதன் உறுப்புகள், உறுப்புகளுக்கு இடையே உறவுகள், அந்த உறவுகளில் விரிசல்கள். வர்க்கம், சுரண்டல் என்பவை விவாதத்தின் நடுவில் வந்து உட்காரவில்லை.

முழு நூல் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? இரண்டு ஊர்களில் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்த குறிப்புகள் கையில் இருக்கின்றன. 1953-ல் கள வேலை முடிந்துவிட்டது. நான்கைந்து ஆண்டில் நூல் வந்திருக்க வேண்டும். வந்தது 1981-ல்.

இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தக் குறிப்புகள் என்ன செய்தன? பதில் சொல்வதற்கு முன் தஞ்சாவூரிலேயே இன்னொருவரைச் சந்தித்துவிடுவோம். கஃப் விட்டுப்போன இடத்தில் அவர் வந்து இறங்குகிறார்.

*

1961. திருவையாற்றுக்கு அருகே ஓர் ஊர். நூலில் அதன் பெயர் 'ஸ்ரீபுரம்'. இதுவும் புனைபெயர். ஊரில் ஏறத்தாழ 350 வீடுகள், சுமார் 1,400 பேர். அக்கிரகாரத்தில் ஓர் இளைஞர் குடிவருகிறார். வயது 27. பெயர் ஆந்த்ரே பெத்தேய். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி, பிறந்தது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.என். ஸ்ரீனிவாஸ் தொடங்கிய சமூகவியல் துறையில் ஆசிரியர். முனைவர் பட்டத்துக்கான ஆய்வு.

அக்கிரகாரத்தில் ஒரு அந்நியருக்கு இடம் கிடைப்பது அன்றைக்கு எளிதல்ல. பெத்தேய் அங்கத்தியரைப் போலவே உடுத்தினார், மரக்கறி உண்டார், அவர்களில் ஒருவராகவே ஏற்கப்பட்டார். பலன் உடனே கிடைத்தது. திண்ணைப் பேச்சு, கோயில் காரியம், நிலக் கணக்கு, பங்காளிச் சண்டை என்று எல்லாக் கதவுகளும் திறந்தன. அதற்கான விலையையும் அவரே பின்னால் ஒளிக்காமல் எழுதினார். மற்றத் தெருக்காரர்கள் அவரை அக்கிரகாரத்து ஆளாகவே பார்த்தார்கள். சேரிக்கு நினைத்தபோது போய், நினைத்தவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, திரும்பி அதே வீட்டுக்கு வர முடியாது.

அவருடைய குருநாதர் கதையும் வேறல்ல. இந்தத் தொடரின் நான்காம் பகுதியில் பார்த்தோம்: ஸ்ரீனிவாஸ் 1948-ல் மைசூர் அருகே 'ராம்புரா'வில் தங்கியது ஊர்த் தலைவரின் மாடுகள் கட்டியிருந்த வீட்டில். ஊரின் பெரிய வீட்டுக்குச் சொந்தமான திண்ணையில் உட்கார்ந்துதான் அவர் 'ஆதிக்கச் சாதி' என்ற கருத்தைக் கண்டடைந்தார். ஆதிக்கத்தை அத்தனை நெருக்கத்திலிருந்து பார்த்ததால் அது துல்லியமாகத் தெரிந்தது. அதே காரணத்தால், அதைச் சுமந்தவர்கள் எட்டத்தில் தெரிந்தார்கள்.

சேரிக்குள் போவதில் ஒரு விநோதச் சிக்கலும் இருந்தது. பிராமணர் சேரிக்குள் கால் வைத்தால் சேரிக்குக் கேடு, நோய் வரும், குடி நாசமாகும் என்ற நம்பிக்கை தஞ்சைப் பக்கத்தில் ஆழமாக இருந்தது. விரட்ட வேண்டியவர்கள் சேரிக்காரர்களே! தீட்டு கீழிருந்து மேலே மட்டும்தான் போகும் என்று பாடம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். இதைச் சேரியின் தன்மானம் என்று சிலாகித்து எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வளவு உற்சாகப்பட மாட்டேன். எசமான் எட்டிப் பார்க்காமல் இருப்பது சேரிக்கும் நிம்மதி, சேரியின் நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை என்பதில் எசமானுக்கும் நிம்மதி. இரண்டு நிம்மதிகளையும் ஒரே நம்பிக்கை காவல் காத்தது.

இத்தனை வேலிக்குள் இருந்துகொண்டு பெத்தேய் கண்டது சாதாரணமானதல்ல. 1965-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய 'சாதி, வர்க்கம், அதிகாரம்' இன்றைக்கும் சமூகவியல் மாணவர் தப்பிக்க முடியாத நூல். அதன் வாதம் சுருக்கமாக இது: முன்பு நிலம் யாரிடமோ அவரே மேல்சாதி, அவரே ஊர் அதிகாரி. மூன்றும் ஒரே ஆளிடம் குவிந்திருந்தன. இப்போது மூன்றும் பிரிகின்றன. ஐயங்கார் வீட்டில் நிலம் கொஞ்சம் இருக்கிறது, சடங்கு மரியாதை முழுதும் இருக்கிறது, ஆனால் ஊராட்சித் தலைவர் பிராமணரல்லாதார். வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு வந்த பிறகு எண்ணிக்கை பேசத் தொடங்கிவிட்டது. திராவிட இயக்கம் அதற்குக் குரல் கொடுத்தது. கட்சிக்காரர், எம்.எல்.ஏ., தாலுகா அலுவலகத்தில் வேலை முடித்துத் தருபவர் என்று அதிகாரத்துக்குப் புது வாசல்கள் முளைத்தன. அக்கிரகாரம் மெல்ல மெல்லச் சென்னைக்கும் தில்லிக்கும் ரயில் ஏறிக்கொண்டிருந்தது.

அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டு இறங்கியது உண்மை. இறங்கி எதுவரை போனது? குடியானத் தெருவரை. வயலைத் தாண்டவில்லை. பெத்தேயின் நூலிலேயே இது இருக்கிறது. ஆனால் அவர் அந்த வயலோரத்தில் நின்று அதிகம் பேசுவதில்லை. திண்ணையிலிருந்து பார்த்தவருக்கு, திண்ணையை விட்டு எது போகிறது என்பது பெரிய செய்தி. சேரியிலிருந்து பார்த்திருந்தால், இங்கே எது வந்து சேரவில்லை என்பது பெரிய செய்தியாகியிருக்கும். ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்கர் 1974-ல் இந்தக் கோணத்தைத்தான் பிடித்தார். செங்கல்பட்டுப் பக்கத்தில் வேலை செய்த அவர், சாதி அமைப்பைத் தலைகீழாகத் திருப்பிக் கீழிருந்து பார்க்கச் சொன்னார். அடித்தட்டில் இருப்பவருக்குச் சாதி தத்துவமாகத் தெரியவில்லை, உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகத்தான் தெரிந்தது என்று எழுதினார். துமோனுக்கு எதிரான வழக்கில் அது முக்கியமான வாக்குமூலம்.

*

இப்போது கஃபின் காணாமல்போன ஆண்டுகளுக்கு வருவோம்.

1961-ல் அவர் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். கணவர் டேவிட் ஏபர்லேயும் மானுடவியலாளர். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், மாணவர் கூட்டத்தில் எழுந்து கென்னடி அரசைக் கண்டித்து, கியூபாவுக்கு ஆதரவாகக் கஃப் பேசினார். பல்கலைக்கழகத் தலைமை சும்மா இருக்கவில்லை. கண்டனம் வந்தது. அடுத்த ஆண்டு தம்பதி இருவரும் அங்கிருந்து வெளியேறினார்கள்.

வெளியேறியது அவர்கள் மட்டும்தான். கண்காணிப்பு கூடவே வந்தது. எஃப்.பி.ஐ. அவர் மீது கோப்பு திறந்து வைத்திருந்தது. அந்தக் காலத்து மானுடவியலாளர்கள் பலர் மீதான கோப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பிற்காலத்தில் தோண்டியெடுத்த டேவிட் பிரைஸ் இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஊர் ஊராகப் போய் மனிதர்களைப் பற்றிக் குறிப்பெடுத்தவரைப் பற்றி அரசாங்கம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. கும்பப்பேட்டைக்காரர்களுக்காவது புனைபெயர் கொடுத்திருந்தார் கஃப். எஃப்.பி.ஐ. கோப்பில் அவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது ஓரிகன் பல்கலைக்கழகம். வியட்நாம் போர் முற்றியிருந்தது. கல்லூரியில் மதிப்பெண் குறைந்த மாணவன் ராணுவத்துக்கு இழுக்கப்படலாம் என்ற விதி. தான் போடும் மதிப்பெண் ஒரு பையனைப் போர்க்களத்துக்கு அனுப்பும் என்றால் மதிப்பெண்ணே போட மாட்டேன் என்றார் கஃப். 1967-ல் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய், வான்கூவர் அருகே சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயாவது நிலைத்தாரா? 1969-ல் அவருடைய துறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் நிர்வாகத்தோடு மோதினார்கள். வேலைநிறுத்தம் நடந்தது. இடைநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியர்களில் கஃபும் ஒருவர். அதன்பின் நிரந்தரமான பேராசிரியர் பதவி அவருக்கு எங்கும் அமையவில்லை.

இந்த வேலைப்பட்டியலை நான் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. தஞ்சாவூர்க் குறிப்புகள் ஏன் இத்தனை காலம் காத்திருந்தன என்பதற்கு இது பாதி பதில். மீதிப் பதில் அவருடைய தலைக்குள் நடந்தது. 1968-ல் அவர் 'மந்த்லி ரிவியூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மானுடவியல் ஏகாதிபத்தியத்தின் பிள்ளை என்பது அதன் சாரமும் தலைப்பும். வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகளில், அவன் தந்த பாதுகாப்பில் உட்கார்ந்து, அவன் ஆட்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்தோம் என்பது குற்றச்சாட்டு. எய்த அம்பு தன்மீதும் பாயும் என்று அவருக்குத் தெரியும். 1947-ல் மலபாரில் நாயர் உறவுமுறையை ஆராய்ந்த மாணவியும், 1952-ல் கும்பப்பேட்டையை உறுப்புகளின் ஒழுங்கமைப்பாக விவரித்த ஆய்வாளரும் அவரேதான்.

அதே குறிப்புகளை இப்போது வேறு கேள்வியோடு புரட்டினார். யாரிடம் எத்தனை மா நிலம்? வாரத்தில் பங்கு எவ்வளவு? பண்ணையாள் எப்போது தினக்கூலி ஆனான்? கடன் எங்கே வாங்கினான்? ஆங்கிலேயர் ஆட்சியில் தஞ்சாவூர் நெல் கப்பலேறி எங்கே போனது, தஞ்சாவூர்க் கூலி கப்பலேறி எங்கே போனான்? முதல் கட்டுரைகளின் ஓரத்தில் நின்ற மனிதர்கள் நடுவுக்கு வந்தார்கள். 1951-ல் எடுத்த குறிப்பில் இதற்கெல்லாம் விடை இருந்தது என்பது அந்த இளம் பெண்ணின் உழைப்புக்குச் சான்று. எதற்கு உதவும் என்று தெரியாமலே குடும்பம் குடும்பமாக எழுதிவைத்திருந்தார். கோட்பாடு பழசாகிப்போனாலும் நெல் கணக்கு பழசாகவில்லை.

அவர் இப்படி மாறிக்கொண்டிருந்த அதே 1968-ல், அவருடைய கிரிப்பூர் இருந்த கிழக்குத் தஞ்சையில், டிசம்பர் 25 இரவு.

கீழ்வெண்மணியைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட சங்கம். வெளியூர் ஆட்களை இறக்கிய நிலவுடைமையாளர்கள். அவர்களுக்கென்று ஒரு நெல் உற்பத்தியாளர் சங்கம். துரத்தப்பட்டு ஒரே குடிசைக்குள் புகுந்தவர்கள். வெளியே தாழ், பிறகு தீ. இறந்தவர்கள் 44 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

இந்தத் தொடரின் கணக்கில் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நிலவுடைமையாளர்களுக்குத் தலைமை தாங்கியவர் பிராமணர் அல்ல. அங்கே பிரச்சினை தீட்டும் அல்ல. கோயிலுக்குள் யார் போவது, கிணற்றில் யார் இறைப்பது என்பதற்காக அந்தக் குடிசை எரியவில்லை. களத்தில் எத்தனை படி அளப்பது, அதைக் கேட்கக் கூடி நிற்கலாமா கூடாதா என்பதற்காக எரிந்தது. எரிந்தவர்கள் எல்லோரும் ஒரே சேரிக்காரர்கள். சாதியா வர்க்கமா என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கருத்தரங்குகள் விவாதித்துக்கொண்டிருந்த கேள்விக்கு வெண்மணி ஒரு விடை சொன்னது: எரிக்கப்பட்டவர்கள் கூலி கேட்டதால் எரிக்கப்பட்டார்கள், அவர்களை எரிக்க முடியும் என்று எரித்தவர்கள் நினைத்ததற்குக் காரணம் சாதி. கஃபின் இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் படித்தவருக்கு அது எதிர்பாராத விடை அல்ல.

இதற்குள் டெல்டாவின் முகமும் மாறிக்கொண்டிருந்தது. 1960-ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தேர்வான முதல் மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ரசாயன உரம் வந்தது, பம்ப்செட் வந்தது, ஆடுதுறையிலிருந்து குறுகிய காலத்தில் விளையும் ஏ.டி.டி. 27 நெல் வந்தது. 1967-ல் ஆட்சி மாறியது. நில உச்சவரம்பு இறங்கியது. குத்தகைச் சட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. காகிதத்தில் பார்த்தால், 1953-ல் கஃப் விட்டுப்போன தஞ்சாவூர் இருந்த இடம் தெரியாமல் போயிருக்க வேண்டும்.

1976. நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி ஜனவரி 31-ம் தேதி கலைக்கப்பட்டு, ஆளுநர் ஆட்சி நடக்கிறது. சங்கக்காரர்கள் பலர் சிறையில் அல்லது தலைமறைவில். எஃப்.பி.ஐ. கோப்புக்குச் சொந்தக்காரரான, தம்மை மார்க்சியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் ஐம்பது வயதுப் பெண், அப்படிப்பட்ட ஆண்டில் தஞ்சாவூருக்குத் திரும்பி வருகிறார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பெயர் மறைத்து வைத்த அதே ஊருக்குள் நுழைகிறார். 1952-ல் கும்பப்பேட்டையில் ஓர் ஆளுக்குக் களத்தில் எவ்வளவு நெல் அளந்தார்கள் என்ற கணக்கு அவரிடம் இருக்கிறது. இப்போது கூலி ரூபாயில் பலமடங்கு ஏறியிருக்கிறது.

அந்த ரூபாயைக் கஃப் நெல்லாக மாற்றிப் பார்த்தபோது?

(அடுத்த வாரம்)